விருந்துக்கு ஒரு முழுப் பன்றி: உப்புநீரில் ஊறவைத்துப் புகையில் வேகவைக்கும் முறை

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வெண்பன்றி வளர்க்கிறவங்க கிட்டேயிருந்து அடிக்கடி ஒரு கேள்வி வருதுங்க. "கிறிஸ்துமஸ் விருந்து, கோயில் கொடை, கல்யாணம்னு நூறு பேருக்குக் கறி கேட்கிறாங்க. பன்றியைத் துண்டு போட்டுக் குழம்பு வைக்காமல் முழுசாகவே புகையில் வேகவைத்துக் கொடுக்க முடியுமா?" என்று கேட்கிறாங்க. முடியும். நாகாலாந்தில் அடுப்புக்கு மேலே பன்றிக் கறியைத் தொங்கவிட்டுப் புகை போடுவது வீட்டு வழக்கம். அமெரிக்காவில் கரோலினா மாநிலங்களில் முழுப் பன்றியை விடிய விடியத் தணலில் வேகவைத்து ஊருக்கே படைக்கிறாங்க. பிலிப்பைன்ஸ் நாட்டில் இது இல்லாமல் பெரிய விருந்தே கிடையாது.

ஆனால் ஒன்று. குழம்பு வைக்கிறபோது சின்னத் துண்டு கொதிக்கிற தண்ணீரில் கிடந்து வெந்துவிடும். முழுப் பன்றி அப்படி இல்லை. மேலே கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும். நம்ம ஊர் வெயிலில் ஆறாமல் கிடந்தால் நாலு மணி நேரத்தில் கறி கெட ஆரம்பிச்சுடும். விருந்து சாப்பிட்ட நூறு பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தால், அந்தப் பண்ணையாளர் அப்புறம் அந்த ஊரில் ஒரு பன்றி விற்க முடியாது. ஆகவே இன்றைக்கு முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் கை தவறாது.

எந்தப் பன்றி, எத்தனை பேருக்கு?

உயிர் எடை 50 கிலோ உள்ள வெண்பன்றி இதற்குப் பொருத்தம். நல்ல தீவனத்தில் சுமார் ஐந்து மாதத்தில் இந்த எடை வரும். அறுத்துச் சுத்தம் செய்தால் நூற்றுக்கு எழுபது பங்கு, அதாவது 35 கிலோ நிற்கும். வெந்து, எலும்பும் தோலும் நீக்கிய பிறகு தட்டில் விழுகிற கறி 14 கிலோ அளவுக்குத்தான் இருக்கும். ஆளுக்கு 150 கிராம் என்றால் 90 பேருக்குக் காணும். 200 பேர் வருகிறார்கள் என்றால் 100 கிலோ பன்றி ஒன்றைத் தேடாதீங்க. 50 கிலோ பன்றி இரண்டு எடுங்க. சதை தடிக்கத் தடிக்க உள்ளே குளிர்வதும் தாமதம், உள்ளே வேகுவதும் தாமதம்.

பன்றி கொட்டிலில் அடைத்து வளர்த்ததாக இருக்க வேண்டும். தெருவில் மேய்ந்த பன்றி வேண்டவே வேண்டாம். காட்டுப் பன்றியை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்காதீங்க.

அறுப்பதற்கு முன் 12 மணி நேரம் தீவனம் கொடுக்காமல், தண்ணீர் மட்டும் வையுங்க. குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்கிறபோது கறியில் அசுத்தம் படாது. அனுமதி பெற்ற இறைச்சிக் கூடத்திலே அறுத்து, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே கறியை எடுத்து வரணும்.

அரிசிமணி: இதை அலட்சியம் செய்யாதீங்க

மருத்துவர் எதைப் பார்க்கிறார் தெரியுமா? நாக்கு, இருதயம், தாடைச் சதை, முன்சப்பை, இந்த இடங்களில் அரிசிமணி மாதிரி வெள்ளைக் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். அது நாடாப்புழுவின் இளம் பருவம். மனிதக் கழிவைத் தின்ற பன்றிக்கு இது வரும். அந்தக் கறியைச் சரியாக வேகாமல் சாப்பிட்டவர் குடலில் பல அடி நீளத்துக்கு நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் புழுவின் முட்டை போகும். அவர் கை கழுவாமல் சமைத்தால், அந்த முட்டை சோற்றிலும் தண்ணீரிலும் கலந்து அடுத்தவர் வயிற்றுக்குப் போய், அங்கிருந்து மூளையில் போய்த் தங்கும். நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கவனிச்சுப் பாருங்க. பன்றிக் கறியையே தொடாத குழந்தைக்கும் இப்படி வலிப்பு வரலாம். அதனால் இது கறி சாப்பிடுகிறவர் பாடு மட்டும் இல்லை, ஊர்ப் பாடு. கழிப்பறை இருக்கிற வீடு, அடைத்து வளர்க்கிற பன்றி, நன்றாக வெந்த கறி, சோப்புப் போட்டுக் கழுவின கை, இந்த நான்கும் இருந்தால் இந்தப் புழுவுக்கு வழியே இல்லை. அரிசிமணி கண்ட கறியை உப்புப் போட்டு, புகை போட்டுச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. மருத்துவர் சொல்கிறபடி ஒதுக்கிவிடுங்க.

சுத்தம் செய்தல்

ரோமத்தை வைக்கோல் போட்டுப் பொசுக்குவது நம்ம பக்கத்து வழக்கம். இந்த முறைக்கு அது ஏற்றதல்ல. தோலில் கரி ஏறும், அங்கங்கே வெடிக்கும். 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேட் சூடுள்ள வெந்நீரில் நாலைந்து நிமிடம் வைத்துச் சுரண்டினால் ரோமம் சுலபமாக வந்துவிடும். கொதிக்கிற தண்ணீர் கூடாது. தோல் வெந்து, ரோமத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

தோலை உரிக்க வேண்டாம். கடைசியில் தோல்தான் கறிக்குத் தட்டு மாதிரி அமைந்து, சாறையும் கொழுப்பையும் கீழே விடாமல் தாங்கும். தலையையும் கால் குளம்புகளையும் நீக்கிவிடுங்க. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை பிளந்து, முதுகெலும்பை உள்பக்கமாக நெடுகக் கீறி, தோல் அறாமல் புத்தகம் மாதிரி விரியுங்க. இப்படி விரித்தால்தான் குளிர்ச்சியும் சூடும் ஒரே சீராக ஏறும்.

உப்புநீர் தயாரித்தல்

உப்புக்கண்டம் போடுவது நம் தாய்மார்களுக்குத் தெரிந்த வேலை. மெல்லிய துண்டு, அதிக உப்பு, நல்ல வெயில். இங்கே நோக்கம் வேறு. கெடாமல் ஆறு மாதம் வைக்க அல்ல, கறி வறளாமல், உள்வரை ருசி பிடிக்கத்தான் ஊறவைக்கிறோம். உப்பு சதைக்குள் போனதும் சதையிலுள்ள புரதம் தளர்ந்து உப்பி, தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு மணி நேரம் அனலில் கிடந்தாலும் அந்தத் தண்ணீர் முழுதும் ஓடிவிடுவதில்லை. ஊறவைத்த கறிக்கும் ஊறவைக்காத கறிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

35 கிலோ பன்றிக்கு அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்க:

தண்ணீர் 20 லிட்டர், கல்லுப்பு 3 கிலோ 600 கிராம், வெல்லம் 1 கிலோ 200 கிராம், மிளகு 100 கிராம், நசுக்கிய இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு உங்கள் கைப்பக்குவம்.

இவற்றைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, முதல் நாளே ஆறவையுங்க. மறுநாள் இதில் 40 கிலோ சுத்தமான ஐஸ் போடணும். "ஐயா, 20 லிட்டர் தண்ணீருக்கு இவ்வளவு உப்பா?" என்று நீங்க கேட்கலாம். ஐஸ் உருகினால் அதுவும் தண்ணீர்தானே? மொத்தம் 60 லிட்டர் ஆகும்போது 100-க்கு 6 பங்கு உப்பு என்று கணக்கு சரியாக வந்து நிற்கும். அறுத்த பன்றியின் உடம்புச் சூட்டையும் உப்புநீரின் சூட்டையும் ஆற்றவே அந்த ஐஸில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். அதனால் ஐஸில் சிக்கனம் பார்க்காதீங்க. பிறகு கூடுதலாக ஐஸ் போட வேண்டி வந்தால் பாலிதீன் பையில் இறுகக் கட்டிப் போடுங்க. அப்படியே கொட்டினால் உப்பு நீர்த்துவிடும்.

பாத்திரத்துக்கு மீன் வியாபாரிகள் வைத்திருக்கிற பெரிய ஐஸ் பெட்டி சிறந்தது. 150 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கணும். புதியதாகவோ, நன்றாகத் தேய்த்துக் கழுவினதாகவோ இருக்கட்டும். பூச்சிமருந்து வந்த டிரம், உர டிரம் எதையும் எத்தனை தரம் கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. அலுமினியம், துத்தநாகம் பூசிய தகரம் இவற்றை உப்பு அரிக்கும், அதுவும் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. கடைக் கறி சிவப்பாக இருக்கிறதே, அதற்கு வெடியுப்புப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, சிலர் பயிருக்குப் போடுகிற பொட்டாசியம் நைட்ரேட்டைக் கறியில் சேர்க்கப் பார்க்கிறாங்க. வேண்டவே வேண்டாம். உர உப்பு உணவு அல்ல. தொழிற்சாலையில் நைட்ரைட் உப்பைக் கிராம் கணக்கில், தராசு வைத்துச் சேர்க்கிறார்கள். அளவு கூடினால் அது விஷம். ஊறவைத்து உடனே வேகவைத்து அன்றைக்கே சாப்பிடுகிற விருந்துக்கு அது தேவையே இல்லை.

ஊறவைத்தல்

உப்பு சதைக்குள் மெதுவாகத்தான் நடக்கும். ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் கூட முழுசாகப் போகாது. பின்சப்பையோ நாலைந்து அங்குலத் தடிப்பு. ஆகவே தடித்த இடத்துக்கு உப்புநீரை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கணும். கொதித்து ஆறின 2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்புக் கரைத்து, ஐஸில் வைத்துக் குளிர்வித்து, புதிய பெரிய ஊசிக் குழலால் இரண்டு பின்சப்பை, இரண்டு முன்சப்பை ஒவ்வொன்றிலும் 400 முதல் 450 மில்லி வரை, எலும்பை ஒட்டிப் பல இடங்களில் ஏற்றுங்க. மாட்டுக்குப் போட்ட ஊசி ஆகாது. புது ஊசியையும் கொதிநீரில் போட்டு எடுங்க.

பிறகு பன்றியை உப்புநீரில் முழுதும் மூழ்க வைத்து, மேலே சுத்தமான பலகையும் பாரமும் வைத்து மூடுங்க. 30 மணி நேரம் ஊறட்டும். ஆறு மணிக்கு ஒருதரம் திறந்து, ஐஸ் மிதக்கிறதா என்று பாருங்க. ஐஸ் மிதந்தால் பயம் இல்லை. உப்புநீர் 4 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. உப்பு இருக்கிறதே, கிருமி வராது என்று நினைக்காதீங்க. ஊறுகாயில் போடுகிற உப்பு வேறு, இந்த 6 சதவீதம் வேறு. இங்கே கறியைக் காப்பது குளிர்ச்சி.

வேலை முடிந்த உப்புநீரை மறுபடி உபயோகிக்காதீங்க. வயலிலும் கிணற்றடியிலும் ஊற்றாமல், ஒதுக்குப்புறமாகக் குழி வெட்டி ஊற்றி மூடுங்க. பன்றித் தொட்டியில் ஊற்றிவிடலாம் என்று எண்ணம் வேண்டாம். உப்பு அதிகமானால் பன்றி நடுங்கி விழுந்து செத்துப்போகும்.

விறகும் அடுப்பும்

நல்ல புகைக்கு வைரம் பாய்ந்த, காய்ந்த விறகு வேண்டும். புளி, மா, கொய்யா, கருவேல் நல்லவை. நம் ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுகிற சீமைக்கருவேல் இருக்கிறதே, அதன் பங்காளி மரத்தைத்தான் அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்கள் கறிக்குப் புகை போட விரும்பி வாங்குகிறாங்க. நிலத்தைக் கெடுக்கிற அந்த மரம் இங்கே ஒரு நல்ல காரியத்துக்கு உதவும்.

அரளிக் கட்டையைக் கறிக்குக் கிட்டே கொண்டு வரவே கூடாது. அது விஷம். கள்ளி, எருக்கு, தில்லை இவையும் கூடாது. தைலமரமும் வேம்பும் கசப்பு ஏற்றும். பெயிண்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, டயர், மண்ணெண்ணெய் எதுவும் இந்த அடுப்பில் ஆகாது. ஒன்றரைக் குவிண்டால் விறகு கைவசம் இருக்கட்டும்.

வைக்கோல் போருக்கும் கூரை வீட்டுக்கும் ஐம்பது அடியாவது தள்ளி, 5 அடி நீளம், மூன்றரை அடி அகலம், 3 அடி உயரத்துக்குச் சாந்து வைக்காமல் செங்கல் அடுக்குங்க. ஆற்றுக் கல் வேண்டாம், சூட்டில் வெடிக்கும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இரும்புக் கம்பிச் சட்டம். வெல்டிங் பட்டறையில் ஒரே அளவில் இரண்டு சட்டம் செய்து வாங்குங்க, பன்றியைப் புரட்ட இரண்டாவது உதவும். மூடுவதற்குச் சாதா இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய தகடு பழுக்கச் சுட்டால் கெட்ட புகை விடும். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு அறவே கூடாது.

விறகைப் பன்றிக்குக் கீழே எரிக்காதீங்க. பக்கத்தில் தனியே தீ மூட்டி, கங்கானதும் மண்வெட்டியால் அள்ளி உள்ளே போடுங்க. நான்கு சப்பைகளுக்கும் நேர்க் கீழே நான்கு குவியல். நடுவில், விலாவுக்கும் வயிற்றுக்கும் கீழே, கங்கு வேண்டாம். அங்கே சதை மெல்லிசு. உருகுகிற கொழுப்பு கங்கில் விழுந்தால் தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீங்க, எண்ணெய்த் தீ மேலே சீறும். மண்ணைப் போட்டுத் தகட்டை மூடினால் காற்றில்லாமல் அடங்கும். இரண்டு கூடை மணல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

புகையும் வேக்காடும்

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு விருந்து என்று வையுங்க. வெள்ளிக்கிழமை அதிகாலை அறுப்பு. பகல் ஒரு மணிக்குள் பன்றி ஐஸ் உப்புநீரில் இறங்கிவிடணும். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, கொசுவலைக்குள் காற்றாட ஒன்றரை மணி நேரம் தொங்கவிடுங்க. மேற்புறம் ஈரம் போய்ப் பிசுபிசுவென்று ஆகும். அப்போதுதான் புகை அழகாகப் பிடிக்கும். ஈரமாகப் போட்டால் கரிதான் படியும்.

ஒன்பது மணிக்குள் தோல் மேலே, கறி கீழே இருக்கும்படி சட்டத்தில் ஏற்றி மூடுங்க. அடுப்புக்குள் சூடு 110 முதல் 120 டிகிரி இருக்கணும். அரை மணிக்கு ஒருதரம் கொஞ்சம் கங்கு, ஒரு விறகுத் துண்டு. புகை மெல்லிசாக, நீலம் பாய்ந்து வந்தால் சரி. வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை. கறி கசக்கும். சிலர் சூடே இல்லாமல் புகை மட்டும் போட்டு வைக்கிறாங்களே என்பீர்கள். அது குளிர்நாட்டு வேலை. நம்ம ஊரில் முழுப் பன்றிக்கு அது ஆகாது.

ஆறு மணி நேரம் கழித்து இரண்டாவது சட்டத்தை மேலே வைத்துக் கட்டி, நான்கு பேர் பிடித்துப் புரட்டுங்க. இனி தோல் கீழே. விடியற்காலையில் ஒரு வேடிக்கை நடக்கும். கறிக்குள் சூடு 70 டிகிரி பக்கம் வந்ததும், இரண்டு மூன்று மணி நேரம் ஏறாமல் அப்படியே நிற்கும். தீ போதவில்லை என்று பதறி விறகை அள்ளிப் போட்டுவிடாதீங்க. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகித் தண்ணீர் குளிர்கிறதல்லவா, அதேபோல் கறியிலிருந்து கசிகிற நீர் ஆவியாகிச் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது. ஈரம் குறைந்ததும் தானாக ஏறும். பதறாத காரியம் சிதறாது.

வெந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. புகை பட்ட கறியின் ஓரம் ரோஸ் நிறமாக இருக்கும். அது பச்சை அல்ல, புகை சேர்ந்த நிறம். நடுவே எலும்போரம் பச்சையாக இருப்பது மேலே தெரியாது. ஆகவே குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று கட்டாயம் வாங்குங்க. பின்சப்பையின் நடுவில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்க. முன்சப்பையிலும் பாருங்க. நாலு சப்பையிலும் 71 டிகிரிக்குக் குறைந்தால் அந்தக் கறியை யாருக்கும் கொடுக்கக் கூடாது. 88 முதல் 90 டிகிரி வந்தால் கறி பஞ்சாக வெந்து, கால் எலும்பைத் திருகினால் கையோடு வரும். அதுதான் விருந்துப் பதம். பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வையுங்க.

பரிமாறுதல்

அரை மணி நேரம் ஆறவிட்டு, கறியைப் பிய்த்து, கொஞ்சம் காடியோ எலுமிச்சைச் சாறோ, மிளகாய்த்தூளோ கலந்து சூடாகப் பரிமாறுங்க. பச்சைக் கறி வெட்டின கத்தியும் பலகையும் வெந்த கறிக்கு ஆகாது. இரண்டு மணி நேரத்துக்குள் விருந்து முடியட்டும். மிச்சத்தை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி உடனே குளிர்பெட்டியில் வையுங்க. அண்டாவில் குவித்து மூடி வைத்தால் நடுவில் சூடு நின்று கெட்டுப்போகும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு சாப்பிடுவது நல்லது, உப்பு ஏறின கறி அல்லவா? பன்றிக் கறி சாப்பிடாதவர்களுக்குச் சமையலும் பாத்திரமும் தனியாக இருக்கட்டும். அதுதான் மரியாதை.

இலையில் மிஞ்சியது கொட்டிலுக்குப் போகக் கூடாது

கடைசியாக ஒரு முக்கியமான செய்தி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்ற நோய் 2020-ஆம் ஆண்டு அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. 2023-இல் முதுமலையில் காட்டுப் பன்றிகள் இதனால் செத்தன. மனிதரை இது ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு பண்ணையில் புகுந்தால் பன்றிகளைக் கூண்டோடு அழித்துவிடும். குணமாக்க மருந்து இல்லை. உப்பிட்ட கறியிலும், சரியாக வேகாமல் புகை மட்டும் போட்ட கறியிலும் இந்தக் கிருமி மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் வெட்டிக் கழித்ததையும், எலும்பையும், எச்சில் இலையையும் பன்றிக்குப் போடாதீங்க. ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்க. ஓட்டல் மிச்சம் வாங்கித் தீவனமாகப் போடுகிறவர்கள் அரை மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே போடணும். விருந்து வேலை பார்த்தவர்கள் குளித்து, துணி மாற்றிய பிறகே கொட்டிலுக்குள் போகணும். பன்றிகள் திடீரென்று காய்ச்சல் கண்டு செத்தால், மறைத்து விற்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்க. மறைத்தால் பக்கத்துப் பண்ணையும் போகும்.

விவசாயப் பெருமக்களே, இவ்வளவு நேரம் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் நாலே விஷயம். கொட்டிலில் வளர்த்த, மருத்துவர் பார்த்த பன்றி. ஐஸ் மிதக்கிற உப்புநீர். 110 டிகிரிக்குக் குறையாத புகையடுப்பு. எலும்போரம் வரை வெந்த கறி. புகைக்கூண்டு கட்டுகிற முறை பற்றியும், சிறிய அளவில் கறி பதப்படுத்திப் பழகுவது பற்றியும் காட்டுப்பாக்கம் கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையத்திலோ, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்க. முதல் தரமே நூறு பேர் விருந்தில் இறங்காமல், வீட்டுக்கு ஒரு பின்சப்பையைச் செய்து பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்க.